மாடி ஜன்னலிலிருந்து பார்த்த கொலை

லியாண்டர் டிப்ஸின் படங்களைப் பார்த்து வெள்ளைக்காரப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் அசந்துபோனார். "பிரமாதம்! வரைஞ்சவரை உள்ள வரச் சொல்லு" என்றார். "நான்தாங்க அது" என்றான், படங்களைக் கொண்டுவந்து நின்ற கறுப்பு இளைஞன் லியாண்டர். அவ்வளவுதான், படங்கள் வந்த வழியே திரும்பிவிட்டன. கேட்டாலே வயிறு எரிகிறது! கடைசியில் சிகாகோவின் தெற்குப் பக்கத்தில் கறுப்பர்கள் நடத்திய வாரப் பத்திரிகைதான் அவனுக்குச் சோறு போட்டது. முதல் பக்கத்திலேயே கார்ட்டூன் போட்டதில் அங்கே அவன்தான் முதல் ஆள். முடிவெட்டும் கடைகளில் அவன் படத்தைப் பார்த்த பிறகுதான் செய்தியையே படிப்பார்கள்.

ஒருமுறை தெற்கே மிசிசிப்பியிலிருந்து அக்கா வெர்லீன் வந்திருந்தாள். தாயில்லாப் பிள்ளையான அவனை வளர்த்தவள். அவள் ஊர்க் கோர்ட்டுக்குப் பின்னால் ஒரு சலவைக்கடை மாடியில் இஸ்திரி போடுகிறவள். சோள ரொட்டியைப் பிட்டபடியே, ஜன்னல் வழியாகத் தான் கண்டதைச் சொன்னாள்: கோர்ட்டின் பின்முற்றத்தில், கைகள் கட்டப்பட்ட ஒரு கறுப்பு இளைஞனை, ஊர்ப் போலீசுக்குத் தலைவனான ஷெரீப் அடித்தே கொன்றுவிட்டான்.

"வெளிய மூச்சு விட்டுறாதடா தம்பி. நான் திரும்ப அங்கதான் போகணும்."

"இங்கயே இருந்துடேன்க்கா."

"அங்க உன் மாமா படுத்த படுக்கையா கெடக்காரு. யாருடா கஞ்சி ஊத்துவா?"

"சரி. பேரு போட மாட்டேன், ஊரு போட மாட்டேன். ஆனா வரையாம இருக்க முடியாதுக்கா."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பேரில்லை, ஊரில்லை, ஷெரீப்பின் முகம்கூட இல்லை. தொப்பியின் வட்டம் மட்டும். ஆனால் அக்கா சொல்லச் சொல்ல அவன் கண்ணும் அந்த ஜன்னலில் போய் நின்றுவிட்டதே! உயரத்திலிருந்து பார்த்தபடியே வரைந்தான்: சுற்றிலும் மதில், மூலையில் உடைந்த தண்ணீர்த்தொட்டி, நடுவில் அந்த இளைஞன். மதிலைத் தாண்டி முற்றம் தெரிகிற ஜன்னல் அந்த ஊரிலேயே ஒன்றுதான். பாவி மனுஷனுக்கு அது உறைக்கவில்லை. தத்ரூபமாக வந்திருக்கிறது என்று பெருமை வேறு. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தம்பியின் கையால் கெட்டவள் அக்கா.

ரயிலில் படுக்கை விரிக்கும் ரூஃபஸ்தான் பத்திரிகைக் கட்டுகளை வெள்ளைக்காரர் கண்ணில் படாமல் ஒளித்துத் தெற்கே கொண்டுபோகிறவன். அடுத்த நடை முடிந்து வந்தவன், நேரே லியாண்டரின் மேஜை முன்னால் வந்து நின்றான்.

"ஷெரீப் உன் படத்தைக் கையில வெச்சுக்கிட்டு கோர்ட்டுப் பின்முத்தத்துல நின்னானாம்பா. அண்ணாந்து பாத்தானாம். நேரா மாடி ஏறிட்டான். அக்காவை ஆத்துலேர்ந்துதான் எடுத்தாங்க."

லியாண்டர் மேஜையில் தலையை மோதிக்கொண்டு அழுதான். அவனுடைய பத்திரிகையின் ஆசிரியர் ஓடிவந்து அவன் தோளைப் பிடித்தார். "இதையும் வரைஞ்சு போடு லியாண்டர். நாறட்டும் அவன் பொழப்பு!"

"உனக்கு யாரு சொன்னா ரூஃபஸ்?" என்று கேட்டான் அவன்.

"கோர்ட்டு பெருக்குற கிழவன். அவன் ஒருத்தன்தான் கூட இருந்து பாத்தவன்."

"அப்ப நான் வரைய மாட்டேன். வரைஞ்சா அடுத்தது அந்தக் கிழவன்தான்" என்று பென்சிலைக் கீழே வைத்தான்.

அதன் பிறகும் நெடுங்காலம் வரைந்தான். பெண்டாட்டிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளியும் கணவன், மாமியார் சண்டை, இப்படி. ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பரிசும் கொடுத்தார்கள். வெர்லீன் எப்படிச் செத்தாள் என்று மட்டும் எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை, அவனுடைய பத்திரிகையிலும்தான்.