தோணி வராத நாட்களின் நோட்டு

டைரி எழுதப் பெரிய மனிதனாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். என்னை எழுத வைத்தது வயிற்றுப்போக்கு.

யுத்த காலம். பஞ்சு ஆபீசில் என் பக்கத்து நாற்காலியை மகனுக்குப் பேசி வைத்திருந்தேன். அந்தப் பத்தொன்பது வயதுக்காரன் என்னிடம் சண்டை போட்டுவிட்டு, கொழும்புக்குப் போகும் பாய்மரத் தோணியில் ஏறிவிட்டான். பத்து நாளில் திரும்பியிருக்க வேண்டும். பதினைந்து நாளாகியும் ஆளைக் காணோம். கடலில் கண்ணிவெடி மிதக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. நான் தினமும் மருந்துக்கடை கம்பவுண்டர் முன்னால் போய், வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்று நிற்பேன். ஒருநாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணாச்சி, ஒரு நோட்டு வாங்குங்க. காலம்பற காப்பி குடிச்ச கையோட மூணு வரி எழுதுங்க. நாலாவது வரி வேண்டாம். எங்கிட்டச் சொல்லுததையெல்லாம் அதுகிட்டச் சொல்லுங்க. இங்கன ஆளு நிக்காவ."

முதல் நாள் 'வாழ்க்கை என்பது' என்று தொடங்கினேன். காப்பி ஆறியதுதான் மிச்சம். மறுநாள் வாழ்க்கையை விட்டுவிட்டு, கண்ணில் பட்டதை எழுதினேன்: "மேல்காற்று. தோணி வரவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை." வேட்டி கட்டுகிற நேரம்கூட ஆகவில்லை. யோசிக்காமல் எழுதினால் பழக்கம் தானாக ஒட்டிக்கொள்கிறது. ஆனால் தோணி வரவில்லை என்று எழுதக் கடலைப் பார்க்க வேண்டுமே! நோட்டைக் கடற்கரைக்கே கொண்டுபோனேன். யுத்த காலத்தில் துறைமுகத்தைப் பார்த்துப் பார்த்து எழுதுகிறவனைப் போலீஸ் என்ன நினைக்கும் என்பது, பள்ளி இறுதி வரை படித்த இந்த மூளைக்கு எட்டவில்லை.

ஒரு வாரத்தில் ஸ்டேஷனில் இருந்தேன். ஏட்டு நோட்டை உரக்க வாசித்தார்.

"உப்பு இல்லன்னா? உப்புக் கப்பல் போவலன்னு ஜப்பான்காரனுக்குத் தாக்கல் அனுப்புதீரா?"

"சாம்பார்லதான் ஐயா உப்பு இல்ல. வீட்டுக்காரிக்கு மனசு சரியில்ல, போட மறந்துட்டா."

"'காலையில் நான்கு முறை.' எது வே நாலு?"

சொன்னேன். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

ஏட்டு விடவில்லை, பக்கம் பக்கமாகப் புரட்டினார். தோணி வரவில்லை. தோணி வரவில்லை. ஐந்தாவது பக்கத்தில் குரல் தாழ்ந்தது.

"யாரு தோணியில?"

"மவன்."

நீலப் பென்சிலை எடுத்துக் காற்றையும் தோணியையும் ஒவ்வொன்றாக அடித்தார். "கடல்ல நடக்கது ஒண்ணும் எழுதப்படாது, சட்டம். வீட்டுக்குள்ள நடக்கத எழுதும். போம்."

என் வயிற்றுப்போக்கு மட்டும் சர்க்கார் அனுமதி பெற்றுத் தப்பியது.

அதன்பின் வீட்டை எழுதினேன். "பூனை வந்தது. ரசம். அதிலும் உப்பு இல்லை." கடலைப் பார்க்கப் போவதை மட்டும் நிறுத்தவில்லை, கையை வீசிக்கொண்டு போனேன்.

நான்காம் நாள் மத்தியானம் மகன் தாடியோடு வாசலில் நின்றான், மூலைக் கடைக்குப் போய் வந்தவன் மாதிரி.

"மன்னார் பக்கம் காத்து செத்துப் போச்சுப்பா. அங்கனயே கெடந்தோம். சோறு இருக்கா?"

அறையத்தான் எழுந்தேன். ஓங்கிய கையாலேயே அவனுக்கு இலையை எடுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை நோட்டை எடுத்தேன். தோணி வந்ததை எழுதக் கூடாது, சட்டம். "மகன் ஏழு தோசை தின்றான்" என்று எழுதினேன். மனைவி தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"பெத்த பிள்ள தின்னத எண்ணி எழுதுதியளே, கண்ணு பட்டுராதா? அடிங்க அத!"

ஏட்டிடம் இருந்தது வெறும் பென்சில். இவள் கையில் இருந்தது சூடான இரும்பு. 'ஏழு' என்பதை அடித்தேன். அடுப்படியில் அவன் எட்டாவதைக் கேட்டுக்கொண்டிருந்தான். அதை நான் எழுதவில்லை.