அமுதவல்லியின் எக்ஸ்பெடைட்

புதுச்சத்திரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அமுதவல்லிக்கு ஓர் ஆங்கிலச் சொல்லின் மேல் அப்படியொரு பிடிப்பு: எக்ஸ்பெடைட். பட்டாவோ பென்ஷனோ, எந்த மனுவானாலும் கடைசி வரியில் அது வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்தில் டீக்கடை போட்டிருக்கும் நான் ஒருநாள் அர்த்தம் கேட்டேன். தேங்கிக் கிடக்கும் வேலையைத் துரிதமாக முடித்துக் கொடுப்பது என்றாள். 'சீக்கிரம்' என்று எழுதித் தொலைக்கக் கூடாதா என்றேன். ஆபீசர்களை அவசரப்படுத்தினால் கோபித்துக்கொள்வார்களாம். இந்தச் சொல் பணிவாக முடுக்குமாம். நல்ல பணிவு போங்கள்.

போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலைக்கென்று ஆப்பிரிக்கா போன அவள் தம்பி காளிதாஸ், அங்கே குழாய் சரிந்து விழுந்து செத்துப்போனான். உடலை அனுப்பச் சொல்லி, அவனை வேலைக்கு அனுப்பிவைத்த ஏஜென்சிக்குத் தினமும் மெயில் போட்டாள், அதே சொல்லோடு. சடங்கு முடியாமல் வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. என் கடையிலிருந்து போன சோற்றை அவள் அம்மா சாலம்மாள் தொடவே இல்லை.

ஒருநாள் பதில் வந்தது. உடலை அனுப்பும் வேலையை எக்ஸ்பெடைட் செய்துகொண்டிருக்கிறார்களாம். ஆபீஸ்காரன் அந்தச் சொல்லைப் போட்டால் காரியம் கிணற்றில் போட்ட கல்தான். அது அமுதவல்லிக்குத் தெரியாதா? தெரியும். பெற்றவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. தம்பி கிளம்பிவிட்டான், நாளைக்கு வந்துவிடுவான் என்று ஓடிப்போய்ச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் சொந்தபந்தம் வேன் வைத்து வந்து இறங்கியது. மேளக்காரர்கள் வந்தார்கள். மயானத்தில் குழி வெட்டியாயிற்று. பொழுது சாய்ந்தும் தகவல் இல்லை. அமுதவல்லி ஏஜென்சிக்குப் போன் போட்டால், இன்னும் கையெழுத்தே ஆகவில்லை என்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைப் பிடுங்கித் திட்டித் தீர்த்தேன். என்ன பிரயோசனம்? அமுதவல்லி சுவரோடு ஒட்டி நின்றாள்.

வெட்டின குழியைச் சும்மா போட்டால் ஊருக்கு ஆகாது, மூடிவிடலாமா என்று சாலம்மாளின் அண்ணன் சடையன் தயங்கித் தயங்கிக் கேட்டார். சாலம்மாள் தலை நிமிர்ந்தாள்.

"மூடீட்டா எம்பையன் வந்து எங்கீங்கண்ணா படுப்பான்?"

அமுதவல்லி சுவரை விட்டு விலகிப் போய்க் கடையைத் திறந்தாள். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஏஜென்சிக்குத் தமிழிலேயே தட்டினாள்: ஐயா, குழி வெட்டிவிட்டோம். என் தம்பியை அனுப்புங்கள்.