ஐந்தாவது ஃபவுல்

கொக்கு என்ற பெயரை அவருக்கு வைத்தது பள்ளிக்கூடத்து பேஸ்கட்பால் அணி. அந்தப் பள்ளிக்கூடம் மூடப்பட்டுப் பல காலமாகிறது. ஆனால் பெயர், அதைச் சுமந்தவரின் தலை நரைத்த பிறகும் உதிரவில்லை. ஓய்வு பெறும் வயதை நெருங்கிவிட்ட அந்த லிப்ட் மெக்கானிக்கை அவருடைய மனைவியின் தம்பிகள்கூட ‘கொக்கு அத்தான்’ என்றுதான் அழைத்தார்கள்.

ஒரு காலத்தில் அந்த நகரத்தில் பங்குக் கோவில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளி இருந்தது. பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி. சனிக்கிழமைகளில் கத்தோலிக்கப் பள்ளிகளின் லீக் ஆட்டங்கள் நடக்கும். கொக்கின் பள்ளியில் ஆடுகளம் கோவிலின் பின்சுவரை ஒட்டிக் கிடந்தது. பந்தை வளையத்தில் போட ஓடி வருகிற வெளி அணிப் பையன்கள் வேகத்தை அடக்கத் தெரியாமல் சுவரில் போய் மோதுவார்கள். உள்ளூர்ப் பையன்கள் அந்தச் சுவரைத் தங்கள் ஆறாவது ஆட்டக்காரனாகவே வைத்திருந்தார்கள்.

நடுவர் எப்போதும் ஒரே ஃபாதர்தான். அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு, பந்துக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடி வருவார். ஃபவுல் என்றால் விசில் ஊதுவார். இன்னார் செய்தார் என்று கை நீட்ட மாட்டார். செய்தவன் தானே கையைத் தூக்க வேண்டும். “கடவுள் பார்த்துட்டாரு, நான் வேற பார்க்கணுமா?” என்பார். தூக்கியவன் பெயரில் ஃபவுல் ஏறும். ஐந்து ஏறினால் அவன் வெளியே.

நேர்மையைப் பழக்க வந்த அந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்ததை எல்லா அணிகளும் சீக்கிரமே கண்டுபிடித்தன. நன்றாக ஆடுகிறவனுக்கு நான்கு ஏறிவிட்டால், அவன் செய்த அடுத்த ஃபவுலுக்கு வேறொருவன் கை தூக்குவான். ‘கை கொடுப்பது’ என்று அதற்குப் பெயர். சனிக்கிழமை மாலைப் பாவசங்கீர்த்தனத்தில் அந்தப் பாவத்தை மட்டும் ஒருவரும் சொன்னதில்லை. கேட்கப் போகிறவரும் அதே ஃபாதர் அல்லவா!

பிள்ளைகள் குறையக் குறையப் பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன; லீக்கும் நின்றது. ஆடுகளம் கார் நிறுத்தும் இடமானது. வளையம் இல்லாத ஒரே ஒரு கம்பம் மட்டும் மிஞ்சியது. மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும், பழைய அணியினர் அந்தக் கம்பத்தடியில் டீக் குவளைகளோடு கூடுவார்கள். மூட்டு வலியில் தொடங்கும் பேச்சு ஃபைனலில் போய்த்தான் முடியும். கேப்டன் நடுவில் நிற்பார். லிப்ட் கம்பெனியில் கொக்கை வேலைக்குச் சேர்த்துவிட்டவரும், இன்று அவருக்கு சூப்பர்வைசராக இருப்பவரும் அதே கேப்டன்தான்.

விபத்து அப்படி ஒரு ஞாயிறுக்கு முந்திய வாரம் நடந்தது. ஒரு மருத்துவமனையில் சலவைப் பிரிவின் லிப்ட் கதவு சரியாகப் பூட்டிக்கொள்ளவில்லை. அதைச் சோதிப்பதற்காகக் கேப்டன், பூட்டின் இரு மின்முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்தார். அப்படி இணைத்துவிட்டால் கதவு திறந்திருந்தாலும் லிப்ட் நகரும். வேலை முடிந்ததும் போட்டவரே அதை எடுக்க வேண்டும் என்பது தொழிலில் எழுதாத சட்டம். அதற்குள் வேறொரு கட்டிடத்தில் ஆட்கள் லிப்டில் மாட்டிக்கொண்டதாக அழைப்பு வந்தது. கேப்டன், “வாடா போகலாம்” என்றார். அடிக்குழியில் கிரீஸ் துடைத்துக்கொண்டிருந்த கொக்கு மேலே ஏறி வந்ததும் கேப்டன் லிப்டை ஓடவிட்டார். கொக்கு ஒன்றும் கேட்காமல் பின்னால் நடந்தார்.

மத்தியானம் சலவைப் பெண் ஒருத்தி துணி வண்டியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தபோது, கதவு திறந்தபடியே லிப்ட் மேலே ஏறியது. லிப்டின் தரைக்கும் கதவுச் சட்டத்துக்கும் இடையில் அவள் சிக்கினாள். அவசர சிகிச்சைப் பிரிவு அதே தளத்தில்தான் இருந்தது. தூக்கிக்கொண்டு ஓடியும் உயிர் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கேப்டன் கொக்கைக் கம்பத்துக்கு அப்பால் ஒரு காரின் மறைவுக்கு அழைத்துப் போனார்.

“செவ்வாக்கிழமை விசாரணை. வயரை நீ போட்டதா சொல்லிடு மச்சான்.”

கொக்கு டீக் குவளையைக் காரின் மேல் வைத்தார்.

“எம்மேல ஏற்கெனவே ரெண்டு புகார் இருக்கு. இதுவும் சேர்ந்தா வேலை மட்டும் போகாது, உள்ளே தூக்கி வச்சிருவாங்க. உன் பேர்ல ஒரு கறை கிடையாது. வயசாயிருச்சு, கவனம் தப்பிருச்சுன்னு சீக்கிரமா வீட்டுக்கு அனுப்புவாங்க. அவ்வளவுதான்.”

“ஒரு உசுரு போயிருக்குடா.”

“போனது போயிருச்சு. யார் பேர்ல எழுதினா அவளுக்கு என்ன வரப்போகுது?”

அதற்குள் மற்றவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அணியில் மிகக் குள்ளமானவரான தையல்காரர், எத்தனையோ முறை சொன்ன கதையை அன்றும் எடுத்தார்.

“ஃபைனல். கடைசி நிமிஷம். கேப்டனுக்கும் நாலு ஃபவுல், நம்ம கொக்குக்கும் நாலு. கேப்டன் முழங்கையால ஒரு இடி விட்டான் பாரு, ஃபாதர் விசில் வாயிலேருந்தே விழுந்திருச்சு. கேப்டன் கை தூக்கினா கோப்பை போச்சு. திரும்பிப் பார்த்தா, பூசையில ஃபாதர் நற்கருணை அப்பத்தைத் தூக்கின மாதிரி கொக்கு கை மேல நிக்குது.”

எல்லோரும் சிரித்தார்கள். கேப்டன் கொக்கின் தோளில் தட்டி, “அன்னைக்கு மட்டுமா? இவன் என்னைக்கும் கை கொடுப்பான்” என்றார்.

கொக்கு கேட்டார்: “இடி வாங்கினவன் யாருடா?”

“யாரோ ஒரு வெள்ளைச் சட்டை” என்றார் ஒருவர்.

“வெள்ளையா? பச்சைடா. ஃபைனல்ல நமக்கு எதிரா ஆடினது பச்சை” என்றார் இன்னொருவர்.

“செவுத்துல மோதினான்ல. எந்திரிச்சானா?” என்றார் கொக்கு.

“எந்திரிச்சிருப்பான்” என்றார் தையல்காரர். “எந்திரிக்காம அங்கேயே குடித்தனமா பண்ணுவான்?”

மறுபடி சிரிப்பு. கொக்கு நினைவைத் துழாவிப் பார்த்தார். தூக்கிய கை நினைவிருந்தது. ஃபாதரின் கண் நினைவிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த கோப்பைகூட நினைவிருந்தது. சுவரடியில் கிடந்தவனின் முகம் மட்டும் இல்லை. அந்தப் பக்கம் அவர் திரும்பியே பார்த்திருக்கவில்லை.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டார்: “என்ன சொல்றாரு உங்க கேப்டன்?”

“கை கேக்குறான்.”

“இத்தனை வருஷமா கொடுத்தீங்களே, இன்னும் மிச்சம் இருக்கா?”

“வேலை வாங்கிக் கொடுத்தவன்.”

“பொண்ணு கொடுத்த எங்கப்பாவுக்கே நீங்க இவ்வளவு பணிஞ்சதில்ல.” மடித்த துணியை அவர் ஓரமாக வைத்தார். “வர வேண்டிய பென்ஷனை நினைச்சா எனக்கும் பயமாத்தான் இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு வீட்டு ஆளுங்க நாளைக்கு நம்ம வாசல்ல வந்து நின்னா, நான் எந்த மூஞ்சியோட கதவைத் திறக்கிறது? அதைச் சொல்லுங்க.”



விசாரணை மருத்துவமனையின் தரைத்தளத்து அறை ஒன்றில் நடந்தது. மேசைக்குப் பின்னால் அரசு இன்ஸ்பெக்டரும் கம்பெனி அதிகாரியும் அமர்ந்திருந்தார்கள். பெஞ்சின் கோடியில் இறந்தவளின் அக்கா. அவளும் சலவைப் பிரிவுதான். ஷிப்ட் முடியாததால் நனைந்த சீருடையோடு வந்திருந்தாள்.

“வயரை யார் போட்டது?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

கேப்டன் மேசையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். கொக்கின் வலது கை முழங்காலிலிருந்து எழும்பியது, ஏவாமலே எழும்பியது. அவர் அதை இடது கையால் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டார். அக்கா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவர்தான் போட்டார் சார்” என்றார் கொக்கு. “எடுத்தாரான்னு நான் பார்க்கலே. பார்த்திருக்கணும்.”

கேப்டன் தலை நிமிரவில்லை. பல்லிடுக்கில், “ஏண்டா” என்று மட்டும் கேட்டார். அந்தக் காலத்தில் ஃபவுலுக்கு விசில் ஊதியதும் அவரிடமிருந்து வந்த அதே குரல்.

முதல் வாக்கியம் கேப்டனுக்கும் கடைசி வாக்கியம் கொக்குக்கும் போதுமானதாக இருந்தது. இருவரும் அன்றே வேலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டார்கள். கேப்டனை வெளியே போலீஸ் ஜீப் கூட்டிப் போனது.

நடைவழியில் அக்கா கொக்கை வழிமறித்தாள். திட்டப் போகிறாள் என்று எண்ணி அவர் நின்றார்.

“லிப்டு இன்னைக்கு ஓடுமாண்ணே? மேல வார்டுக்குத் துணி போகணும்.”

“ஓடாதும்மா. சீல் வச்சிருக்காங்க.”

அவள் தலையாட்டிவிட்டு, துணி மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு படியைப் பிடித்து ஏறினாள். ஒரு பக்கத்தைத் தாங்கலாமென்று கொக்கு கையை நீட்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு அவர் கம்பத்தடிக்குப் போனபோது பேச்சு நின்றது. தையல்காரர் டீயை முடிக்காமலே கிளம்பினார். ஃபைனல் கதையை அன்று யாரும் எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுத்ததாகத் தெரியவில்லை.

கொக்கு அங்கிருந்து பஸ் ஏறி, ஒரு காலத்தில் பச்சைச் சட்டை அணியின் பள்ளியாக இருந்த இடத்துக்குப் போனார். அது கிடங்காகியிருந்தது. வாசலில் வாட்ச்மேன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“யாரைப் பார்க்கணும்?”

“இந்த ஸ்கூல்ல பேஸ்கட்பால் ஆடின ஒருத்தரை.”

“பேர் என்ன?”

“தெரியாது.”

“ஆள் எப்படி இருப்பார்?”

“அதுவும் தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டு, கொக்கு வெள்ளைச் சட்டைப் பள்ளிக்கு எந்த பஸ் போகும் என்று விசாரித்தார்.