ஹன்னாவின் கல்லுக்கு அரிசி மாவு

சுடுகாட்டுக்குப் போய்வந்தால் தலைக்குக் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. இது தாராபுரத்துச் சட்டம். நியூஜெர்சி எடிசனிலும் அமலில் இருக்கிறது; அமல்படுத்துகிறவர் சேனாபதி. செவ்வாயும் வியாழனும் அவர் மனைவி புஷ்பவல்லி கராஜில் காரை நிறுத்தும்போது, வாஷிங் மெஷின் மேல் துண்டும் மாற்றுத் துணியும் காத்திருக்கும். முணுமுணுத்துக்கொண்டே கீழ்த்தளத்தில் குளித்துவிட்டுத்தான் மேலே வருவாள்.

அவள் என்ன, பிணமா எரிக்கிறாள்? வயது ஐம்பத்து நாலு. இருபத்திரண்டு வருஷம் சாஃப்ட்வேர் டெஸ்டிங், அதாவது அடுத்தவர் எழுதியதில் குறை கண்டுபிடிக்கிற உத்தியோகம். போன வருஷம் ஒரே மின்னஞ்சலில் அது போயிற்று. வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்கப் பிடிக்காமல், பத்து நிமிஷ தூரத்தில் இருந்த பழைய தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் சம்பளமில்லாமல் சேர்ந்தாள். இலை கூட்டுவது, சாய்ந்த கற்களைக் குறித்துவைப்பது.

அங்கே படுத்திருப்பவர்கள் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை. நாடு பிறந்த காலத்து நீதிபதி ஒருவர், கவர்னர் ஒருவர், பிரிட்டிஷ் ராஜாவின் படையோடு சண்டை போட்ட கர்னல் ஒருவர். மாதம் ஒருமுறை பார்வையாளர்களைக் கூட்டிப்போய் இவர்கள் கதையைச் சொல்ல வேண்டும். மே மாதச் சுற்று புஷ்பவல்லிக்கு என்று பொறுப்பாளர் லிண்டா சொல்லியிருந்தாள். லிண்டா ஓய்வுபெற்ற டீச்சர். சிரிப்பை அளந்துதான் செலவழிப்பாள்.

அந்த ஒரு சுற்றுக்குப் புஷ்பவல்லி எப்படி ஆசைப்பட்டாள் என்பது சேனாபதிக்கே தெரியாது. அப்பா செத்தபோது டிக்கெட் போட்டு ஓடினாள். பாடையோடு தெருமுனை வரைதான் விட்டார்கள். "பொம்பளைங்க இதுக்கு மேல வரக்கூடாது கண்ணு" என்று பெரியப்பா கையை நீட்டி மறித்தார். அண்ணன் போய்க் கொள்ளி வைத்து, முழுகி, ஈர வேட்டியோடு வாசலில் வந்து நின்றான். அப்பாவை எந்த இடத்தில் வைத்தார்கள் என்றுகூட அவளுக்குத் தெரியாது. இங்கேயோ, பக்கத்தில் நின்று, இன்னார் இங்கே இருக்கிறார் என்று வாய்விட்டுச் சொல்லலாம்.

கர்னலின் கல் ஆள் உயரம். அதன் ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு செந்நிறக் கல், எழுத்தெல்லாம் மழுங்கிப்போனது. சுற்றுக்கான தாளில் 'யாரென்று தெரியவில்லை' என்று போட்டிருந்தது. டெஸ்டர் கண்ணுக்கு அது உறுத்தாமல் இருக்குமா? ஊர்க் கோயில் கல்வெட்டை மாவு தடவிப் படித்தவர்களைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாள். கோலத்துக்கு வைத்திருந்த அரிசி மாவை டப்பாவில் எடுத்துப்போய் உள்ளங்கையால் தேய்த்தாள். பள்ளங்களில் மாவு தங்க, எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்துவந்தன.

ஹன்னா. கர்னலின் மனைவி. வயது இருபத்து நான்கு. மூன்று நாள் மகனோடு.

புஷ்பவல்லி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு துப்பட்டாவால் மாவைத் தட்டிவிட்டாள். மீதியை எறும்பு தின்னும், மழை கழுவும் என்று நினைத்தாள். கோலத்துக்கு அதுதானே கதி!

அது வாசல் இல்லை, இருநூறு வருஷத்துக் கல். இரண்டு நாள் மழையில் மாவு ஊறிக் கூழாகி வெடிப்புகளில் இறுகி, ஒரு பொருக்கு பெயர்ந்தே விழுந்துவிட்டது. தண்ணீரும் மெத்தென்ற பிரஷும் தவிர வேறெதுவும் கல்லில் படக் கூடாது என்பது விதி. அந்த விதித்தாளில் கையெழுத்துப் போட்டவள் இவள். லிண்டா கொதித்துப்போனாள். பக்கத்து ஹைஸ்கூல் பிள்ளைகளின் வேலைதான் என்று முடிவுகட்டி, போலீசைக் கூப்பிட ஃபோனை எடுத்தாள்.

"நான்தான் செய்தேன்" என்றாள் புஷ்பவல்லி. படத்தையும் காட்டினாள்.

லிண்டா அதை வெகுநேரம் பார்த்தாள். "கமிட்டி செப்டம்பரில்தான் கூடும். அதுவரை தாளில் இருப்பதைத்தான் சொல்ல வேண்டும். சுற்றை நானே நடத்திக்கொள்கிறேன்" என்று கேட் சாவியை வாங்கிக்கொண்டாள்.

விஷயத்தைக் கேட்ட சேனாபதி தலையில் அடித்துக்கொண்டார். "வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டயே! உன்னை யாருமே சந்தேகப்படலையே புஷ்பா. சுடுகாட்டு ட்யூட்டி போச்சேன்னு ஒருத்தி அழுவாளா?"

"உங்களுக்கு அது புரியாதுங்க."

சனிக்கிழமை நடந்த சுற்றுக்கு அவளும் போனாள், பார்வையாளராக. முப்பது பேருக்குப் பின்னால் நின்றாள். நீதிபதி ஆயிற்று, கவர்னர் ஆயிற்று, கர்னலும் ஆயிற்று. லிண்டா சின்னக் கல்லைக் கைகாட்டி, "இது யாரென்று தெரியவில்லை" என்று நகர்ந்தாள்.

"ஹன்னா."

தன் குரல்தான் என்று தெரிந்து புஷ்பவல்லிக்கே திக்கென்றது. எல்லாத் தலைகளும் திரும்பின. இனி விழுங்கவா முடியும்? "அவள் பெயர் ஹன்னா. இருபத்து நாலு வயது. மூன்று நாள் குழந்தையும் கூட இருக்கிறது. கல்லைக் கெடுத்தது என் தப்புதான். ஆனால் பெயர் அதில் இருக்கிறது."

எழுத்தைத் தடவிப் பார்க்கக் குனிந்த ஒருத்தியின் கையை லிண்டா பட்டென்று தட்டிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து கராஜில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், பெரியப்பா கையை நீட்டி மறித்ததையும் சேர்த்து. சேனாபதி உள்ளே போகும் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்குக் குளிக்க வேண்டாம், விடு. கை கால் கழுவிட்டு உள்ள வா. காபி போட்டு வச்சிருக்கேன்."

வாஷிங் மெஷின் மேல் துண்டு இல்லை. புஷ்பவல்லி ட்ரையரைத் திறந்து ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அப்பாவுக்கு அண்ணன் போனான், முழுகிட்டு வந்தான். இன்னைக்கு நானும் போயிட்டு வந்திருக்கேனுங்க. தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் உள்ள வருவேன்."