சட்டைப் பையில் இருந்த மைக்

பேய், பிசாசு, ஆவி, இதில் எதையும் நான் நம்பியவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டு முடித்ததும் நீங்கள் சிரிக்கப் போகிறீர்கள். ஐம்பது வருஷம் மைக் செட் போட்டவன் நான். கல்யாணம், சாவு, அம்மன் கூழ், எலெக்‌ஷன் எல்லாவற்றுக்கும் போட்டிருக்கிறேன். ராயப்பேட்டையில் ஒரு சாவு வீட்டுக்குப் போட்டுவிட்டு, ராத்திரி ஆட்டோ கிடைக்காமல் சுடுகாட்டு மதிலோரம் ஆம்ப்ளிஃபயரைத் தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறேன். கொசு கடித்தது, அவ்வளவுதான்.

இது நடந்தது ராத்திரியும் இல்லை. பட்டப்பகல் ஒன்றரை மணி. மயிலாப்பூரில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். முன்னால் தெரு ரூம், அப்புறம் கூடம், சமையல்கட்டு, கடைசியில் என் பெண்டாட்டி சரோஜா படுத்திருக்கும் ரூம், மாடியில் ஒரு ரூம். சரோஜாவுக்குப் பக்கவாதம் வந்து இடது கை, கால் விழுந்துவிட்டது, பேச்சும் குழறும். எனக்கோ வலது காது செத்துப்போய் ரொம்ப வருஷம், குழாய் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று தொழில் செய்ததற்குக் கிடைத்த கூலி. ஒருநாள் அவள் கட்டிலில் இருந்து விழுந்து என்னைக் கூப்பிட்டுக்கொண்டே கிடந்திருக்கிறாள், நான் தெரு ரூமில் பேப்பரில் படம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் படிக்க வராது, படம்தான் பார்ப்பேன்.

என் மகள் மல்லிகா நங்கநல்லூரில் இருந்து ஓடி வந்தாள். "நைனா, உனக்குக் காது கேக்கல, அம்மாவால கத்த முடியல. எங்க வூட்டாண்ட ஒரு ஹோம் கீது, அம்மாவ அங்க சேத்துடலாம்" என்றாள். முடியவே முடியாது என்றேன். ஒரு மாசம் டைம் கேட்டேன். மாப்பிள்ளை செந்தில் என் பக்கம் நின்றான், அது பெரிய விஷயம்.

அவன் கம்ப்யூட்டர் வேலை. ஆபீஸில் கழித்துப் போட்ட அஞ்சு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவந்து, ஏதோ லினக்ஸாம், காசு கொடுக்காமல் கிடைக்குமாம், அதைப் போட்டு ரூமுக்கு ஒன்று வைத்தான். சரோஜா ரூமில் இருப்பதில் மைக் மட்டும். மைக்குக்கு எதிரில் ஸ்பீக்கர் வைத்தால் ஊளை விடும், அதை நான்தான் சொன்னேன். மற்ற நாலு ரூமிலும் ஸ்பீக்கர். அவள் முனகினால்கூட நான் எங்கே இருந்தாலும் கேட்க வேண்டும், அதுதான் ஏற்பாடு.

முதல் நாள் ஒரே கூத்து. ஒவ்வொரு ரூமிலும் ஒவ்வொரு நேரத்துக்குச் சத்தம் வருகிறது. அவள் ஒருத்தி, நாலு சரோஜா சண்டை போடுகிற மாதிரி கேட்கிறது.

"ஒருத்திய வச்சே சமாளிக்க முடியலடா செந்திலு" என்றேன்.

"இரு மாமா. எல்லாத்தையும் ஒரே கடியாரத்துக்குக் கட்டிவுடறேன். முன்னாடி சத்தம் வந்த பொட்டி கொஞ்சம் வெயிட் பண்ணும், அப்பால நாலும் ஒண்ணா பேசும்."

திருவிழாவில் தெருக்கோடி ஸ்பீக்கர் சத்தம் பின்னாலேயே வருமே, அந்த மாதிரிதான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ரெண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சரி பண்ணினான். மூன்று ரூம் ஒட்டிக்கொண்டது, மாடி மட்டும் ஒரு இம்மி பின்னால் வந்தது. "உன் ஒத்தக் காதுக்கு மட்டுந்தான் மாமா அது கேக்குது" என்றான். கேட்கத்தான் செய்தது, நான் என்ன பொய்யா சொல்கிறேன்?

நான் முதலில் சொன்ன அந்தப் பகலில் சரோஜா கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கினாள். இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். விழாவில் சாப்பாட்டுக்கு விட்டால் மைக் செட்காரன் முதலில் செய்கிற வேலை, மைக்கை ஒயரில் இருந்து பிடுங்கிப் பையில் போடுவது. இல்லாவிட்டால் பிள்ளைகள் ஊதும், எவனாவது லவட்டிக்கொண்டு போவான். ஐம்பது வருஷப் பழக்கம், கை தானாகவே செய்துவிட்டது. அவள் தூங்கினாள், நான் மைக்கைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவப் போய்விட்டேன். சத்தியமாக எனக்கு அது நினைவிலேயே இல்லை.

கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டு ஸ்பீக்கரில் அவள் கூப்பிட்டாள்.

"இன்னாய்யா பண்ற? இங்க வா!"

குழறல் இல்லை. வாதம் வருவதற்கு முன்னால் இருந்த குரல், மீன்காரியிடம் பேரம் பேசுகிற குரல். இன்னொன்றும் சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள், நாலு ரூமும் ஒன்றாகப் பேசின. மாடி பின்னால் வரவில்லை.

தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன். சரோஜா பாதி உடம்பு கட்டிலுக்கு வெளியே, தலை தரைக்கு ஒரு சாண். தாங்கிப் பிடித்தேன். குனிந்தபோது பையில் இருந்து மைக் அவள் மடியில் விழுந்தது. திரும்பி ஒயரைப் பார்த்தேன், முனை வெறுமனே தொங்கியது.

அவள் விழப் பார்த்ததைப் போனில் சொன்னதும் சாயங்காலம் மல்லிகாவும் செந்திலும் வந்தார்கள். செந்தில் பெருமையாக ஆரம்பித்தான், "பாத்தியா, நம்ம செட்டு அத்தைய காப்பாத்திச்சு." நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஹோம் பேச்சே போயிருக்கும். ஆனால் பொய்யால் பெண்டாட்டியை வைத்துக்கொள்கிறவன் நான் இல்லை. மைக்கை எடுத்து மேஜை மேல் வைத்து, இது என் பையில்தான் இருந்தது என்றேன்.

"நைனா, உனக்கு மூள கீள கொழம்பிடுச்சா?" என்று மல்லிகா அழுதாள். செந்தில் ரொம்ப நேரம் கம்ப்யூட்டரை நோண்டினான். கடைசியில், "அந்த நேரத்துல அத்த ரூம்லேர்ந்து ஒண்ணும் வரல மாமா" என்றான்.

மல்லிகா அம்மாவிடம் கேட்டாள், "நீ கூப்ட்டியாம்மா?"

சரோஜா தலையை ஆட்டினாள், இல்லை என்று. குழறிக் குழறிச் சொன்னாள். "நான் கூப்டல... உங்கப்பாதான் கூப்ட்டாரு. சரோ, எழுந்து வான்னு. இங்கயே, என் காதாண்ட. அதான் எழுந்தேன்."

அவள் ரூமில் ஸ்பீக்கர் கிடையாது. நான் கூப்பிடவும் இல்லை.

மல்லிகா மறுபடி ஹோம் என்றாள். அனுப்ப மாட்டேன், எவன் வந்தாலும் பார்த்துக்கொள்கிறேன் என்று கத்தினேன். சரோஜாவும் நல்ல கையால் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

தெருவில் எல்லோரும் அம்மன்தான் காப்பாற்றினாள் என்றார்கள். நானும் ஒருநாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் யோசித்தேன். என்னை ஓடிவரச் சொன்னது சரி, அவளை எதற்காக எழுப்பியது? அதுவும் என் குரலில்?

செட்டை நான் கழற்றவில்லை. எதற்குக் கழற்ற வேண்டும், என் வீடு இது. மைக்கை ஒயரோடு சேர்த்து டேப் சுற்றிவிட்டேன். சரோஜாவிடம் ஒன்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன், என் குரல் கேட்டால் எழுந்திருக்காதே, நான் வந்து கையைத் தொட்டால்தான் எழுந்திருக்க வேண்டும் என்று.

நேற்று மத்தியானம் அவள் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று திரும்பி என் வாயையே பார்த்தாள். அப்புறம் மெதுவாக என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"இப்ப கூப்ட்டது நீயா?"