வண்டூரில் ஹாலோவீன், போர்ட் பிளேரில் கல்லறைத் திருநாள்

அக்டோபர் கடைசியில் அந்தமான் போகாதே, மழை கொட்டும் என்று ஆபீஸில் நாலு பேர் சொன்னார்கள். அந்தப் பயத்தில் யாரும் போவதில்லை, அதனால்தான் டிக்கெட் மலிவு என்பது என் கணக்கு. சென்னையிலிருந்து போக வர 9,800 ரூபாய். என் வீட்டுக்காரருக்குக் கடல் என்றாலே வயிற்றைப் பிரட்டும். "நீ போய்ட்டு வா, நான் கிரிக்கெட் பாக்குறேன்" என்று பெருந்தன்மையாக அனுப்பிவைத்தார். அக்டோபர் 30 முதல் நவம்பர் 3 வரை ஐந்து நாள். பவளப்பாறை பார்க்கத்தான் போனேன், பார்க்கவும் செய்தேன். ஆனால் இந்தப் பதிவில் அது நாலு வரிதான் வரும், மன்னிக்கவும்.

விமானம் இரண்டேகால் மணி நேரம். டிக்கெட்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று புதுப் பெயர் இருக்கிறது. வாசலில் நிற்கும் டிரைவர்களுக்கு இன்னும் போர்ட் பிளேர்தான். நான் அறை எடுத்திருந்தது சுமார் 25 கிலோமீட்டர் தெற்கே, வண்டூரில் ஒரு சின்ன ரிசார்ட். அதன் ரிசப்ஷனில் இருக்கும் ஜெனிபர் என்ற பெண் முந்தின நாளே போன் செய்து, "கார் வேணும்னா எங்கப்பாவே வருவாரு மேடம்" என்று சொல்லியிருந்தாள். அப்படித்தான் அருளப்பன் எனக்கு டிரைவராக வாய்த்தார். ஐம்பது வயசு இருக்கும். பூர்வீகம் தூத்துக்குடிக் கடற்கரை, பிறந்தது வளர்ந்தது எல்லாம் தீவில், வீடு கராச்சர்மாவில். கார் கண்ணாடிக்கு மேலே ஒரு ஜெபமாலை தொங்கியது.

சாப்பிடுவதற்காக முதலில் பஜாருக்குப் போனோம். அங்கே ஒரு பெங்காலிக் கடையில் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களுக்கு நடுவே பிளாஸ்டிக் மண்டையோடுகள் கொத்தாகத் தொங்கின. ஹாலோவீன் இங்கேயுமா என்று வாய் பிளந்தேன். நான் பாளையங்கோட்டைப் பக்கத்து புராட்டஸ்டன்ட் குடும்பம். எங்கள் ஆயர் வருஷா வருஷம் இதைக் கண்டித்து ஒரு பிரசங்கம் வைப்பார். கொண்டாடுகிற ஒரு ஆளைக்கூட நான் எங்கள் ஊரில் பார்த்ததில்லை. ஆகவே ஆவலை அடக்க முடியவில்லை.

"அத ஏன் கேக்குதீங்க மேடம்" என்றார் அருளப்பன், காரைக் கிளப்பிக்கொண்டே. "நாளைக்கு உங்க ரிசார்ட்லயும் பார்ட்டி. ஸ்டாஃப் எல்லாரும் பேய் வேஷம் போடணுமாம். எம்மவ வேலைக்குச் சேந்து மூணு மாசந்தான் ஆவுது, மாட்டேன்னா மேனேஜர் மொறைக்கான். நான் பில்குல் முடியாதுன்னுட்டேன். பிசாசுக்கு நாமளே தாவத் வச்சுக் கூப்புடுறதா?" தாவத் என்றால் விருந்து, தீவுத் தமிழில் ஹிந்தி இப்படிக் கலந்து வரும்.

கராச்சர்மாவைத் தாண்டும்போது பேச்சு வேறு பக்கம் திரும்பியது. அவருடைய அம்மா இந்தப் பிப்ரவரியில் இறந்திருக்கிறார். வருகிற நவம்பர் இரண்டு, அம்மா இல்லாத முதல் கல்லறைத் திருநாள். கத்தோலிக்கர்கள் அன்று குடும்பமாகக் கல்லறைக்குப் போய் மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்வரை நிற்பார்கள். இவருக்கு ஒரே ஒரு தங்கை, ரோஸ்லின். கல்யாணத்துக்குப் பிறகு பெந்தெகோஸ்தே சபைக்குப் போய்விட்டவர். செத்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவதும் ஜெபிப்பதும் வேதத்தில் இல்லை, அது சத்துருவின், அதாவது பிசாசின் வேலை, நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம்.

"பெத்த தாய் மேடம். ஒரு மெழுகுவர்த்தி ஏத்துனா பிசாசு வந்துருமா?" என்றார்.

என் வாய் சும்மா இருக்காது என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். "உங்க மகளும் அதையே கேக்கலாம்ல? ஒரு வேஷம் போட்டா பிசாசு வந்துருமான்னு?" என்றேன். வண்டூர் வந்ததும் என் முகத்தைப் பார்க்காமலே காருக்கு 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, மீதியைச் சரியாக எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நமக்கு ஏன் இந்த வேலை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டரைக்கு வண்டூர் துறையிலிருந்து படகில் போய், கண்ணாடி அடித்தளம் வழியாகப் பவளப்பாறை பார்த்தேன். நீல நிறத்தில் ஒரு மீன் கூடவே வந்தது. அழகு. திரும்பி வந்ததும் நேராக ரிசப்ஷனுக்குப் போனேன், எனக்கு அந்தக் கதைதான் முக்கியமாகப் பட்டது.

ஜெனிபர் பலூன் ஊதிக்கொண்டிருந்தாள். "அப்பா சம்மதிச்சுட்டாரு மேடம், ஆனா பேயா இல்ல" என்று சிரித்தாள். சின்ன வயதில் சர்ச்சில் அவளை நடுங்க வைத்தது ஒரே ஒரு சுரூபம், அதாவது சிலைதானாம், புனித லூசியா. விசுவாசத்துக்காக உயிரைவிட்டு வேதசாட்சியான அந்தப் பெண், பிடுங்கப்பட்ட தன் இரண்டு கண்களையும் ஒரு தட்டில் ஏந்தி நிற்பாள். "மேனேஜருக்கு பயமா இருக்கணும், அப்பாவுக்குப் புனிதமா இருக்கணும். ரெண்டும் ஆச்சா? அப்பா ஃபாதர்கிட்டயே போன் போட்டுக் கேட்டாரு. ஹாலோவீன்னாலே சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்தின ராத்திரிதான, புனிதரா தாராளமா போகட்டும்னு ஃபாதர் சொல்லிட்டாரு." இப்படி ஒரு வழியை எங்கள் ஆயர் யோசித்ததே இல்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கே அங்கே இருட்டிவிடுகிறது. ஆறு மணிக்குப் புல்வெளியில் பரங்கிக்காய்க்குள் விளக்கு வைத்தார்கள். அவ்வளவு சதையையும் என்ன செய்வது என்று சமையல்காரர் புலம்பினார். மறுநாள் காலை மூன்று வகையில் அது எங்கள் தட்டுக்கு வந்தது. ஜெனிபர் வெள்ளை அங்கி, தலையில் முக்காடு, கையில் எவர்சில்வர் தட்டு, அதில் இரண்டு லிச்சிப் பழத்தில் மை தொட்டு வைத்த கண்களோடு வந்தாள். ஒரு புனேக்காரக் குழந்தை வீறிட்டு அழுதது. அதன் அம்மா கைதட்டி, இருப்பதிலேயே பயங்கரமான பேய் இதுதான் என்று ஹிந்தியில் சொன்னார்.

மகளைக் கூட்டிப்போக வந்திருந்த அருளப்பன் கேட் பக்கத்தில் நின்று அதைக் கேட்டார். நேராக அந்த அம்மாளிடம் போய், "பூத் நஹி மேடம், சந்த் ஹை" என்றார். பேயில்லை, புனிதை. அந்த அம்மாள் சும்மா தலையாட்டிவிட்டு, லூசியாவோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்.

அருளப்பன் என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். முகம் விழுந்து போயிருந்தது. "வெளிய இருந்து பாக்குறவுகளுக்கு நம்ம புனிதையும் பேயாத்தான் தெரியும்போல" என்றார். பிறகு போனை எடுத்தார். "ரோஸ்லின், அண்ணன் பேசுதேன். நீ மெழுகுவர்த்தி ஏத்த வேணாம். ஜெபமும் சொல்ல வேணாம். சும்மா வந்து நில்லு, போதும்." அந்தப் பக்கம் என்ன பதில் என்று தெரியவில்லை. "சரி, பாரு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

செலவு விவரத்தை இங்கேயே எழுதிவிடுகிறேன், பிறகு எழுத மனம் வராது. ரிசார்ட் அறை ஒரு இரவுக்கு 3,200. வண்டூருக்கு டவுனிலிருந்து பஸ் உண்டு, முப்பது ரூபாய்க்குள் முடியும், ஆனால் சாயங்காலம் கடைசி பஸ் எப்போது என்று ஏறும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். பவளப்பாறைப் படகு திங்கட்கிழமை கிடையாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத் துறையிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், எவர்சில்வர் கொண்டு போங்கள். நவம்பர் ஒன்றாம் தேதி லாங் ஐலண்ட் போகலாம் என்றிருந்தேன், கடல் சரியில்லை என்று கப்பலே போகவில்லை. இந்த மாதத்தில் தீவுக்குத் தீவு தாவும் திட்டம் போட்டால் ஒரு நாளாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். ஹாலோவீனைப் பற்றி நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டால், போனபோது இருந்த தெளிவு திரும்பும்போது என்னிடம் இல்லை. எந்த வருத்தமும் இல்லை.

நவம்பர் இரண்டு, மாலை மூன்றரைக்கு அருளப்பன் என்னையும் கல்லறைக்கு அழைத்துப் போனார். வெள்ளையடித்த சிலுவைகள், செவ்வந்தி மாலைகள், தமிழும் ஹிந்தியும் கலந்த பேச்சு. அவர் நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்டைப் பார்த்தார். ஜெனிபர், "அத்தை வருவாங்கப்பா" என்று இரண்டு தடவை சொன்னாள். நான்கு மணிக்கு ரோஸ்லின் வந்தார். பெந்தெகோஸ்தே வழக்கப்படி காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லாத, வெள்ளைச் சேலை கட்டிய ஒல்லியான பெண். அண்ணன் பக்கத்தில் வராமல் இரண்டு கல்லறை தள்ளியே நின்றுகொண்டார்.

அருளப்பன் அம்மாவின் தலைமாட்டில் மெழுகுவர்த்தியை ஏற்றினார். சொல்லிவைத்தது மாதிரி தூறல் பிடித்தது. அணைந்தது. ஏற்றினார், மறுபடி அணைந்தது. கையை வைத்து மறைத்துப் பார்த்தார். அடுத்த தடவை நனைந்த லைட்டரே பற்றவில்லை.

ரோஸ்லின் வந்து குடையை விரித்து அதன் மேல் பிடித்தார். "ஏத்துண்ணே."

"நீ நனையுத."

"நான் ஏத்தல, ஜெபிக்கவும் இல்ல. அம்மா பக்கத்துல நிக்கேன், அவ்வளவுதான்."

ஃபாதர் வரிசையாக வந்தார். இவர்களிடம் வந்ததும் ரோஸ்லினைப் பார்த்து ஒரு கணம் தயங்கிவிட்டு, தீர்த்தம் தெளித்தார். பாதி குடை மேல் விழுந்தது, கொஞ்சம் ரோஸ்லின் தோளில் விழுந்தது. அவர் நகரவில்லை, துடைக்கவும் இல்லை. கால் மணி நேரத்தில் மழை விட்டு எல்லாரும் குடையை மடக்கினார்கள். அந்த மெழுகுவர்த்தி எரிந்து அடங்கும்வரை ரோஸ்லின் மட்டும் மடக்கவே இல்லை.