துரைசாணியின் பூனைக்குச் சீப்பு தேடிய கதை

எனக்கு இப்போது உச்சந்தலையில் முடி கிடையாது. ஒன்பது வயதில் ஒரு பூனைக்குச் செய்த பாவம் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது.

அப்பா பெங்களூர்க் கண்டோன்மென்டில் ஒரு துரை வீட்டுப் பட்லர். பங்களாவுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் குடியிருந்தோம். துரையும் துரைசாணியும் ஆறு மாத லீவில் சீமைக்குக் கப்பலேறியபோது, புசுபுசுவென்று முடி வளர்ந்த வெள்ளைப் பூனையை அப்பாவிடம் ஒப்படைத்தார்கள். தினமும் சீவ வேண்டும். பூனை விட்டுப்போனபடியே இருந்தால், திரும்பி வந்ததும் நல்ல சர்ட்டிபிகேட் எழுதித் தருவதாகத் துரைசாணி சொல்லியிருந்தார். துரைக்கு அடுத்து வேறு ஊர் மாற்றல். அந்தக் காகிதம் இல்லாமல் இன்னொரு பங்களாவின் கேட்டைக்கூட அப்பாவால் தாண்ட முடியாது.

சீவுவதற்கென்றே கொம்புப் பிடி போட்ட எஃகுச் சீப்பு ஒன்றையும் தந்துவிட்டுப் போனார். அப்பா அன்றைக்கே அதைத் துடைத்துப் பங்களாவின் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"துரைசாணி சாமான்டா அது. ஒரு பல்லு ஒடைஞ்சா யாரு பதில் சொல்றது? நீ வேற எதாலயாச்சும் சீவு."

இப்படித்தான் எனக்கு அந்த உத்தியோகம் வந்தது. முதலில் அம்மாவின் மரப் பேன் சீப்பு. இரண்டே இழுப்பில் அடைத்துக்கொண்டது. அம்மா அதை முகர்ந்து பார்த்துவிட்டு அடுப்பில் போட்டாள். அப்புறம் பூட்ஸ் பிரஷ். பாதி உடம்பில் கறுப்புப் பாலீஷ் ஏறி, பூனை நாலு நாள் துக்கம் காப்பதுபோல் திரிந்தது. கடைசியில் குதிரை லாயத்தில் வேலை பார்த்த சித்தப்பாவிடம் போனேன். குதிரை தேய்க்கும் இரும்புப் பல் பட்டையை எடுத்துக் கொடுத்தார்.

"குதிரையே இதுக்குக் கம்முனு நிக்குதுடா. பூனை என்னா பெரிய ஜமீனா?"

பூனை நிற்கவில்லை. அதன் தீர்ப்பு என் முழங்கையில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் சீவவே இல்லை, சீவியதாகச் சொல்வதோடு சரி. முதுகில் முடி முறுக்கேறி அடையடையாய் ஒட்டிக்கொண்டது. துரைசாணி வர இன்னும் ஐந்தே வாரம் என்று அப்பா சொன்ன அன்று, அம்மாவின் துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரு அடையை வெட்டினால் பக்கத்து அடை பெரிதாகத் தெரிந்தது. முடித்தபோது, பூனையின் முதுகில் தோசையளவுக்கு வெறும் தோல். முளைக்கட்டும் என்று விளக்கெண்ணெய் தேய்த்தேன். அது போய்ச் சாம்பலில் புரண்டு வந்தது.

அப்பா அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. காலையில் பூனையைத் தூக்கி, வழுக்கையை விரலால் தடவிப் பார்ப்பார்.

"இன்னிக்குக் கொஞ்சம் தட்டுப்படுதில்ல?"

"தட்டுப்படுது," என்பாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஜெபத்தில் இறங்கினேன். முடி வளரும் என்ற நம்பிக்கை போய்விட்டதால், துரைசாணி வரக்கூடாது என்று கேட்டேன். கப்பல் மூழ்க வேண்டாம், அவர்கள் அதில் ஏறாமல் இருந்தால் போதும் என்று ஆண்டவருக்குத் தெளிவாகவும் சொல்லிவைத்தேன்.

மூன்றாம் வாரம் துரையின் ஆபீஸ் குமாஸ்தா ஒரு கடிதத்தோடு வந்தார்.

"தொரை அங்கயே தங்கிட்டாருப்பா. தொரைசாணியம்மாவும் வரலை. சாமானெல்லாம் ஏலம். மாசக் கடைசிக்குள்ள நீ காலி பண்ணணும்."

அப்பா ஒன்றுதான் கேட்டார். "எனக்கு சர்ட்டிபிகேட் எதாச்சும் வெச்சிருக்காங்களா?"

குமாஸ்தா உறையைத் திருப்பிப் பார்த்தார். "இல்லியே. பூனையப் பத்திக்கூட ஒரு வரி இல்ல."

நான் கொய்யா மரத்தை மூன்று சுற்றுச் சுற்றி ஓடினேன். திரும்பி வந்தபோது கண்ணாடி அலமாரி திறந்திருந்தது. துரைசாணியின் பிரம்பு நாற்காலி காலியாக இருக்க, அப்பா அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பூனையை மடியில் போட்டு, அந்த எஃகுச் சீப்பால் சீவிக்கொண்டிருந்தார். முடி இருந்த இடத்தையும் சீவினார், இல்லாத இடத்தையும் சீவினார். பூனை கண்ணை மூடிக் கிடந்தது.

"நல்லாத்தான் போவுதுடா, இது," என்றார்.

என்னைப்போலவே அவரும் தப்பித்த சந்தோஷத்தில் இருக்கிறார் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன், அங்கேயும் சீவுவதற்கு வாகாக.